200 மில்லி செகண்ட் கதை

ஃபைல் சர்வர் ஸ்லோன்னா முதல்ல கேபிளைத் திட்டுவோம், அப்புறம் சுவிட்ச், கடைசியா பொட்டி. 1984-ல அமெரிக்காவில் எழுதின ஒரு காகிதத்தைத் திட்டணும்னு யாருக்கும் தோணாது. ஆனா சில நேரம் மேட்டர் அங்கதான் இருக்கு.

அப்பல்லாம் டெல்நெட்டில் ஒரு எழுத்து தட்டினா, அந்த 1 பைட்டோட 40 பைட் முகவரிச் சுமையும் சேர்ந்து போகும். லைன் திணறியது. ஃபோர்டு ஏரோஸ்பேஸில் இருந்த ஜான் நாகிள், ஆர்எஃப்சி 896-ல் ஒரு வழி சொன்னார். முழு பாக்கெட்னா உடனே அனுப்பு. சில்லறைன்னா, முன்னாடி போனது சேர்ந்துச்சுன்னு பதில் வர்ற வரை சேத்து வை.

கிட்டத்தட்ட அதே சமயம் பெர்க்லி யூனிக்ஸ்காரர்கள் இன்னொரு சிக்கனம் பண்ணினார்கள். 'வந்துச்சு'ன்னு சொல்ல மட்டும் எதுக்குத் தனி பாக்கெட்? 200 மில்லி செகண்ட் பொறு, நாம அனுப்புற டேட்டாவோட சேத்து அனுப்பலாம்.

நம்ம ஊர் கணக்கில் சொல்றேன். ராஜபாளையத்திலிருந்து துணி வேன் ஸ்ரீவில்லிபுத்தூர் போகுது. டிரைவர், "முதல் வண்டி சேர்ந்த சீட்டு வந்தாத்தான் அரை லோடு வண்டியை எடுப்பேன்" என்கிறார். அங்கே கிளார்க், "சீட்டுக்குன்னு தனி ஆள் கிடையாது, பால்கோவா வண்டி கிளம்பும்போது கொடுத்தனுப்புறேன்" என்கிறார். பால்கோவா ஆர்டரோ அந்த அரை லோடு வண்டியில இருக்கு! ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தான், வண்டி மட்டும் நகராது :-)

சன் கம்பெனியின் என்எஃப்எஸ் ஆரம்பத்தில் யூடிபி மேல ஓடினதால் தப்பிச்சுது. ஐபிஎம்மில் பிறந்த எஸ்எம்பி, டிசிபி மேல ஏறினதும் மாட்டிக்கிச்சு. ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992-ல் கான்பெராவில் வெளியிட்ட சம்பாவில், 'நோடிலே'ன்னு ஒரு ஆப்ஷன் நாகிள் விதியை நிறுத்தி வைக்கும். இப்ப அதுதான் டீஃபால்ட்.

சத்திரப்பட்டியில் தெரிஞ்சவர் ஒருத்தர் பேண்டேஜ் துணி கம்பெனி வச்சிருக்கார். சனிக்கிழமை சாயங்காலம் சம்பள ஃபைல் திறக்கவே ஒன்றரை நிமிஷத்துக்கு மேல ஆகும், வெளியே ஜனம் வரிசையில் நிக்கும். கேபிள் மாத்தி, புது சர்வருக்குக் கொட்டேஷனும் வாங்கியாச்சு. நான் வயர்ஷார்க் போட்டுப் பார்த்தேன். இடைவெளி எல்லாம் அச்சடிச்ச மாதிரி 0.2 செகண்ட். கேபிள் கோளாறுன்னா தாமதம் கன்னாபின்னான்னு வரும். ஒரே அளவா வந்தா அது யாரோ வச்ச டைமர். அப்படி 500 தடவை நின்னா 100 செகண்ட்!

சம்பா செட்டிங்கில், 'வேகமாகும்'னு எங்கிருந்தோ எடுத்து ஒட்டின ஒரு வரி இருந்தது. பஃபர் அளவு மட்டும் கொடுத்து, டீஃபால்ட்டா இருந்த நோடிலேயைக் காலி பண்ணியிருந்தது. வரியைத் தூக்கினதும் ஃபைல் சில செகண்டில் திறந்தது. புது சர்வர் செலவு மிச்சம்.

தன் யோசனையும் பெர்க்லி யோசனையும் சேர்ந்தா மோசம்னு நாகிளே பிற்காலத்தில் எழுதினார். தனித்தனியா ரெண்டுமே நல்ல யோசனைதான். அதனால சர்வர் நின்னு நின்னு போச்சுன்னா எவ்வளவு தாமதம்னு மட்டும் பாக்காதீங்க. எல்லாத் தாமதமும் ஒரே அளவான்னும் பாருங்க.