கையெழுத்தில்லாக் கொடை: கட்டற்ற மென்பொருளும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும்

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-இல் வெளியிட்ட குனு ஈமாக்ஸில், ஜேம்ஸ் காஸ்லிங் எழுதிய முந்தைய ஈமாக்ஸின் சில பகுதிகள் இடம்பெற்றிருந்தன. காஸ்லிங்கோ தம் நிரலை யூனிப்ரெஸ் என்னும் நிறுவனத்துக்கு விற்றிருந்தார். அந்நிறுவனம் உரிமை கோரியதும் அப்பகுதிகளை நீக்கிப் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. ஒருவரின் இசைவு கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை மட்டும் சட்டத்தின் முன் போதாது என்பது அப்போது தெளிவாயிற்று.

அதே ஆண்டு தொடங்கப்பட்ட கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, ஈமாக்ஸ், ஜி.சி.சி. போன்ற திட்டங்களுக்கு நிரல் தருவோரிடம் பதிப்புரிமையை எழுத்து மூலம் மாற்றித் தருமாறு கேட்டது. பங்களிப்பவர் பணியில் இருப்பவரானால், பணி வழங்குநரின் கையொப்பமும் தேவைப்பட்டது. உரிமை ஒரே கையில் இருந்தால் வழக்காடுவது எளிது என்பதே இதற்கான காரணம். 2008-இல் சிஸ்கோ மீது அறக்கட்டளை வழக்குத் தொடுத்து, அது 2009-இல் உடன்பாட்டில் முடிந்தபோது இவ்வேற்பாட்டின் பயன் தெரிந்தது.

உரிமை ஒரு கையில் குவிவதன் இருமுகமும் தமிழுலகம் அறிந்ததே. பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை கைமாறி ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் சேர்ந்திருந்தது. அதை முன்னிட்டு டி.கே.எஸ். சகோதரர்களுடன் பிணக்கு எழுந்தது. 1949-இல் சென்னை அரசு பாரதி படைப்புகளின் உரிமையை ஏற்றபோது, அதே செட்டியார் தம் உரிமையை விலையின்றி ஒப்படைத்தார். பாடலைப் பூட்டி வைத்த உரிமை மாற்றமே அதைப் பொதுவாக்கும் வழியாகவும் அமைந்தது.

கணினி நிரல்கள் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இலக்கியப் படைப்புகளாக இடம்பெற்றன. இச்சட்டத்தின் 19-ஆம் பிரிவு உரிமை மாற்றம் எழுத்திலும் கையொப்பத்துடனும் இருக்க வேண்டும் என்கிறது. காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும். நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் அடங்கிவிடும். நலிந்த ஆசிரியரைப் பதிப்பகங்களிடமிருந்து காக்கும் இவ்விதி, தம் நிரலை உலகுக்கு என்றென்றைக்கும் தர விரும்பும் நிரலாளரின் கொடையையும் சுருக்கிவிடக்கூடியது.

மும்பையில் இது ஏட்டுச் சிக்கல் அன்று. செம்பூரை அடுத்த மான்குர்டில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில், இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் தலைவராக விளங்கிய நாகார்ஜுனாவின் ஆய்வுக்கூடம் உருவாக்கிய நோசிஸ் என்னும் அறிவுக் கட்டமைப்பு மென்பொருள் குனு திட்டத்தில் இடம்பெற்றது. இத்தகைய நிறுவனங்களில் ஊழியர் தம் பணியின் பகுதியாக எழுதும் நிரலுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், 17-ஆம் பிரிவின்படி நிறுவனமே முதல் உரிமையாளர். மாட்டுங்காவின் பொறியியல் கல்லூரியொன்றில் பயிலும் மாணவர் அப்படியல்லர். அவர் ஊழியர் அல்லாததால் தாமே கையெழுத்திடலாம். ஒரே திட்டத்துக்கு இருவரும் எழுதினால், ஒருவரது கொடைக்கு அவரது ஒப்புதல் போதும். மற்றவரது கொடைக்கு அலுவலகக் கோப்பு நகர வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் நிலை இன்னும் நுட்பமானது. குனு நிரல்களின் செய்திகளைத் தமிழாக்குவோரிடம் உரிமை மாற்றம் கேட்கப்படவில்லை. துறப்புக் கடிதமே கேட்கப்பட்டது. தாராவியில் ஒருவர் அக்கடிதத்தில் கையெழுத்திட்டு அமெரிக்காவுக்கு அனுப்பினார் என்று கொள்வோம். 21-ஆம் பிரிவின் சொற்படி, பதிப்புரிமையைத் துறக்க விரும்புபவர் பதிப்புரிமைப் பதிவாளருக்கு உரிய படிவத்தில் அறிவிக்க வேண்டியிருந்தது. பொது அறிவிப்பின் வழியாகவும் துறக்கலாம் என்று வழி திறந்தது 2012-ஆம் ஆண்டுத் திருத்தமே. அதே திருத்தம் 30-ஆம் பிரிவில், எழுத்திலான உரிமத்துக்குக் கையொப்பமும் வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கியது. அதுவரை, எவரும் கையெழுத்திடாமல் நிரலோடு சேர்ந்தே பயணிக்கும் பொது உரிமங்கள் இந்நாட்டுச் சட்டத்தின் எழுத்துக்குச் சற்று வெளியே நின்றன என்றே சொல்ல வேண்டும்.

உலகப்போக்கும் மாறியது. லினக்ஸ் குறித்து எஸ்.சி.ஓ. நிறுவனம் 2003-இல் தொடுத்த வழக்குக்குப் பின், 2004-இல் லினக்ஸ் கருநிரல் திட்டம் வேறொரு முறையைக் கைக்கொண்டது: நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்று பங்களிப்பவர் உறுதி கூறினால் போதும், உரிமை அவரிடமே இருக்கும். ஜி.சி.சி., ஜிலிப்சி ஆகியன 2021-இல் கட்டாய உரிமை மாற்றத்தைக் கைவிட்டன. ஈமாக்ஸ் பழைய முறையைத் தொடர்கிறது.

புதிய முறை நுழைவாயிலை அகலப்படுத்தியது. ஆனால் உரிமையை ஆயிரம் கைகளில் சிதறவும் விட்டது. உரிமத்தை மாற்ற வேண்டுமானால் அத்தனை பேரையும் தேட வேண்டும். மேலும், பணி வழங்குநரின் உரிமை பற்றிய கேள்வியை அது தீர்க்கவில்லை. அதன் பொறுப்பைப் பங்களிப்பவர் தோளில் ஏற்றியது. தமிழ் எழுத்துருக்களும் சொற்பட்டியல்களும் மொழித்தரவுகளும் பல்கலைக்கழகங்களில் உருவாகும் இக்காலத்தில், அவற்றைப் பொதுவில் வைப்பதற்கு முன் ஆய்வாளர் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது அதையே: கொடுப்பதற்கு நம்மிடம் இருக்கும் உரிமை எது? அதற்கான எழுத்துச்சான்று எங்கே?