விரல் இடுக்கில் ஒரு தையல்

சென்ற மார்கழியில் என் தங்கை பிள்ளை குளிர் தேசத்துக்குப் புறப்பட்டான். பெட்டி கட்டும் சமயத்தில் ஒரு ஜோடித் தோல் கையுறையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். யாரோ சிநேகிதன் கொடுத்ததாம். பழசுதான். ஆனால் அசல் ஆட்டுத் தோல். வெண்ணெய் மாதிரி கையில் வழுக்கியது. குறை ஒன்றே ஒன்று. வலது கையில் ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் நடுவே தையல் விட்டுப்போய், சின்னதாக ஒரு வாய் திறந்திருந்தது.

"இதைத் தைக்க யாராவது இருக்காங்களா, மாமா?" என்றான்.

எங்கள் தெருக்கோடியில் புங்கமரத்தடியில் உட்கார்ந்து செருப்புத் தைக்கும் பெரியவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் ஊசி இதுக்கு ஆகாதுங்க. போட்டா தோலே கிழிஞ்சு போயிடும். நாளைக்கு வாங்க, பார்க்கலாம்" என்றார்.

மறுநாள் வீட்டிலிருந்து மெல்லிய ஊசி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். கையுறையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிக்கொண்டார். புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. முன்பு தைத்தவர் போட்ட துளைகளைத் தேடித் தேடி, ஒவ்வொன்றிலும் நூலை விட்டு வாங்கினார். அரைமணி நேரம் ஆயிற்று. ஏன் இத்தனை பிரயாசை என்று கேட்டேன்.

"முன்னே தைச்சவங்க ஒரு கணக்கு வெச்சிருப்பாங்க இல்லீங்களா? அதுக்கு மேலே நாம வேறே கணக்குப் போட்டா தோல் தாங்காதுங்க" என்றார்.

அந்த 'முன்னே தைச்சவங்க' யார்? வீட்டுக்கு வந்த பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அலமாரியில் இருந்த பழைய புத்தகங்களை எல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கையுறை என்ற சொல் நமக்குப் புதிதல்ல, பொருள்தான் புதிது. நம் அகப்பாடல்களில் கையுறை என்றால் தலைவன் தலைவிக்கென்று கொண்டுவரும் தழையும் பூவும். அதைத் தோழி வாங்க மறுப்பதைக் 'கையுறை மறுத்தல்' என்று ஒரு துறையாகவே வகுத்திருக்கிறார்கள். அரசனைக் காணப் போகிறவர் கொண்டுபோகும் காணிக்கைக்கும் அதே பெயர்தான். கையில் மாட்டிக்கொள்ளும் உறைக்கு அந்தப் பெயர் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் இந்த இரண்டு பொருளும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. 16-ஆம் நூற்றாண்டில் முதலாம் எலிசபெத் ராணிக்குப் பிரபுக்கள் கொடுத்த காணிக்கைகளில் கையுறைக்குத் தனி மதிப்பு. ஆக்ஸ்ஃபர்டு பிரபு இத்தாலியிலிருந்து வாசனை ஏற்றிய கையுறைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றுமுதல் அரண்மனையில் அதுவே மோகமாகிவிட்டது. விசாரிக்கக் கைதி ஒருவருமே இல்லாமல் ஒரு நீதிமன்றம் கூடிக் கலைந்தால், நீதிபதிக்கு வெள்ளைக் கையுறை பரிசளிப்பதும் அந்த நாட்டில் அக்காலத்து வழக்கமாக இருந்தது.

காணிக்கை வாங்கியவர்கள் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. செய்தவர்களில் ஒருவர் பெயரும் இருக்கிறது. ஆனால் அது அவர் செய்த கையுறைக்காக அல்ல, அவர் பெற்ற பிள்ளைக்காக. ஸ்ட்ராட்ஃபோர்டு நகரில் ஹென்லி தெருவில் கையுறைத் தொழில் செய்துவந்த ஜான் ஷேக்ஸ்பியர்தான் அவர். 1552-ல் தெருவில் குப்பை மேடு போட்டதற்காக அபராதம் கட்டியபோதுதான் அவர் பெயர் முதன்முதலாக ஊர்ப் பதிவில் ஏறுகிறது. 1568-ல் அதே ஊருக்குத் தலைவரும் ஆகிவிட்டார்! மகன் வில்லியம் தகப்பனார் தொழிலை மறக்கவில்லை. ஒரு நாடகத்தில் ஒருவனுடைய தாடியைக் கையுறைக்காரரின் வட்டக் கத்திக்கு ஒப்பிடுகிறார். இன்னொரு நாடகத்தில் கெட்டிக்காரன் வாயில் அகப்பட்ட வாக்கியம் ஆட்டுக்குட்டித் தோல் கையுறை மாதிரி சுலபமாக உள்ளும் புறமும் மாறிவிடும் என்று விதூஷகனைப் பேச வைக்கிறார். கையுறையைத் திருப்பிப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குத்தான் அந்த உவமை தோன்றும். புங்கமரத்தடியில் அதைக் கண்ணால் கண்ட பிறகுதான் எனக்கு அது விளங்கிற்று.

இந்தத் தொழிலில் என்ன அவ்வளவு நுட்பம் என்று கேட்கலாம். முதலில் தோலைப் பதப்படுத்த வேண்டும். செருப்புத் தோலுக்கு மரப்பட்டைச் சாறு. மெல்லிய கையுறைத் தோலுக்கோ படிகாரமும் உப்பும் மாவும் முட்டையின் மஞ்சள் கருவும் சேர்ந்த குழம்பு. சமையல் குறிப்புப் போல இருக்கிறதல்லவா? தோல் வெள்ளையாகவும் மெத்தென்றும் ஆவது இதனால்தான். ஆனால் தண்ணீரில் போட்டால் படிகாரம் கரைந்து போய் விறைத்துவிடும். சலவைக்கு லாயக்கில்லாத அழகு அது.

அடுத்தபடி வெட்டுகிறவர். தோலைச் சற்று ஈரமாக்கி, மேசை விளிம்பில் போட்டு இழுப்பார். நீளவாக்கில் இழுபடக்கூடியதை எல்லாம் முன்கூட்டியே இழுத்துத் தீர்த்துவிட வேண்டும். அகலவாக்கில் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும். அப்போதுதான் கையுறை கையின் பருமனுக்கு நெகிழ்ந்து கொடுக்கும். விரல் மட்டும் நாளடைவில் நீண்டு தொங்காது. ஒரே ஆட்டின் தோலில் முதுகுப்பக்கம் ஒரு விதம், வயிற்றுப்பக்கம் ஒரு விதம். எது எவ்வளவு கொடுக்கும் என்று விரலால் தெரிந்துகொள்ளப் பல வருஷம் பிடிக்கும்.

உள்ளங்கையும் புறங்கையும் சேர்ந்த பெரிய துண்டு ஒன்று. கட்டைவிரலுக்குத் தனித் துண்டு. விரலுக்கும் விரலுக்கும் நடுவே பக்கச் சுவர் மாதிரி பட்டைகள். விரல் பிரியும் மூலையில் நகக்கண் அளவுக்குச் சாய்சதுரத் துண்டுகள். இந்தக் கடைசித் துண்டுதான் விரலை மடக்கும்போதும் நீட்டும்போதும் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. கையுறை முதலில் விட்டுப்போகிற இடமும் அதுதான். என் மருமகன் கையுறையில் வாய் திறந்திருந்தது அந்த மூலையில்தான்.

நல்ல கையுறைக்கு மூன்று நாடுகள் வேண்டும் என்று ஐரோப்பாவில் ஒரு பழமொழி உண்டு. ஸ்பெயின் தோலைப் பதப்படுத்த வேண்டும். பிரான்ஸ் வெட்ட வேண்டும். இங்கிலாந்து தைக்க வேண்டும். பதப்படுத்தியவரும் வெட்டியவரும் ஆண்கள். 'இங்கிலாந்து தைக்க வேண்டும்' என்றால், இங்கிலாந்தில் யார்? வூஸ்டர் நகரத்திலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் குடிசை வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள். அவர்களோடு சிறுமிகளும் உண்டு.

முதலாளியின் பட்டறையில் வெட்டிய துண்டுகள் கட்டுக் கட்டாக வெளியே போகும். தைத்த கையுறைகள் திரும்பி வரும். கூலி ஜோடிக் கணக்கு. தையல் கோணினால் கூலியில் பிடித்தம். அவர்கள் கையில் முக்கோண முனை உள்ள ஊசி. வட்ட ஊசி போகாத தோலில் அது வெட்டிக்கொண்டு போகும். எதிரே கால்மிதியோடு ஒரு மரச் சாதனம். அதன் தலையில் இரண்டு பித்தளைத் தாடைகள். தாடை விளிம்பில் சீப்புப் போலப் பற்கள். தோலின் இரண்டு விளிம்புகளையும் தாடை கவ்விக்கொள்ளும். பல்லுக்குப் பல் ஊசியை விட்டு வாங்கினால் தையல் எல்லாம் ஒரே அளவாக விழும். 1807-ல் சாமர்செட் பகுதியைச் சேர்ந்த ஜேம்ஸ் விண்டர் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். பெண்கள் அதற்கு வைத்த பெயர் 'கழுதை'. கழுதையின் எதிரில் விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் அப்படிப் பெயர் வைக்கத் தோன்றும். பெரியவர் சொன்ன 'கணக்கு' அந்தப் பித்தளைப் பற்களின் கணக்கு.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வூஸ்டரில் ஏறக்குறைய 150 கையுறை முதலாளிகள் இருந்தார்கள். அவர்களை நம்பி ஊரிலும் அக்கம்பக்கத்திலும் 30,000 பேர் ஜீவனம் செய்தார்கள். இத்தனை பேருடைய சோறும் ஒரு சட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. அந்நிய நாட்டுத் தோல் கையுறை இங்கிலாந்துக்குள் வரக் கூடாது என்ற சட்டம் அது.

1826-ல் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். இனி வரியைக் கட்டிவிட்டு யாரும் கொண்டுவரலாம். வர்த்தக அமைச்சர் ஹஸ்கிஸன் சுதந்திர வாணிபத்தில் நம்பிக்கை உள்ளவர். அவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பிரெஞ்சுக் கையுறை ஏற்கனவே கள்ளத்தனமாக வந்துகொண்டுதான் இருந்தது. அதை வெளிச்சத்தில் வரவிடுவது மேல் அல்லவா? ஆனால் லண்டன் சீமாட்டிகள் பிரெஞ்சுக் கையுறைக்குத் தாவினார்கள். வூஸ்டரில் பட்டறைகள் மூடின. சட்டம் ஒரு கையெழுத்தில் மாறிவிட்டது. கட்டுத் துண்டுக்காகக் காத்திருந்தவளுக்கு அதை யாரும் வந்து சொல்லவில்லை. ஒரு வாரம் கட்டு வரவில்லை. மறு வாரமும் வரவில்லை. அவள் தெரிந்துகொண்டது அப்படித்தான் இருந்திருக்கும்.

அந்த ஊரில் தாமஸ் பிரைஸ் என்ற கையுறை முதலாளி வீட்டில் அப்போது பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பிற்காலத்தில் 'ஈஸ்ட் லின்' நாவலை 1861-ல் எழுதி உலகத்தையே அழ வைத்த மிஸஸ் ஹென்றி வுட் அவர்தான். நம் பாட்டனார் காலத்து வாசகர்களுக்கு நன்கு பழக்கமான பெயர். மறு வருஷமே அவர் 'மிஸஸ் ஹாலிபர்டனின் துயரங்கள்' என்ற நாவலை எழுதினார். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, வூஸ்டரையும் கையுறை தைக்கும் பெண்களின் குடியிருப்பையும் அதில் கொண்டுவந்தார். கையுறை தைத்தவளை நாவலுக்குள் அழைத்து வந்ததற்காக அந்த அம்மையாருக்கு நான் வந்தனம் சொல்வேன். ஆனாலும் ஒரு குறை. அந்தப் பெண்கள் கடனுக்குப் பகட்டுத் துணி வாங்கிச் சீரழிகிறார்கள் என்று அவர் நீதி சொல்கிறார். சீரழிந்தவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் இந்த வாரம் கூலி வரும், அடுத்த வாரம் வருமோ வராதோ என்று இருக்கிறவள் கடன் வாங்காமல் என்ன செய்வாள்? முதலாளி வீட்டு மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரு தெரியும், அடுப்பு தெரியாது. கதை எழுதுகிற எங்களுக்கெல்லாம் உள்ள வியாதிதான் இது. நானும் விதிவிலக்கல்ல.

தடை போன எட்டாவது வருஷம், 1834-ல், வில்லியம் ஹல் என்பவர் கையுறைத் தொழிலின் சரித்திரத்தை எழுதி, பிரான்சோடு செய்யும் வியாபாரத்தால் வந்த நஷ்டத்தை எடுத்துரைத்தார். பிரான்சில் கிரெனோபிள் நகரத்தில் அதே வருஷம் வேறொரு காரியம் நடந்தது. சேவியர் ஜூவான் என்ற கையுறைக்காரர் மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளின் கைகளை எல்லாம் ஆராய்ந்து, மனிதக் கைகளை 320 அளவுகளாகப் பகுத்து ஒரு முறையை உண்டாக்கினார். கடையில் ஆறரை, ஏழு என்று எண் சொல்லிக் கையுறை வாங்குகிற பழக்கம் இவர் வழியில் வந்தது. 1838-ல் 'இரும்புக் கை' என்ற வெட்டச்சுக்கும் காப்புரிமை பெற்றார். கை உருவத்தில் அமைந்த அந்த இரும்பு அச்சை வைத்து அழுத்தினால் பல கையுறைகள் ஒரே தடவையில் வெட்டுப்படும். வெட்டும் வேலை இப்படி விரைந்தது. தையல் மட்டும் அங்கும் கிராமத்துப் பெண்கள் மடியில்தான் நடந்தது. ஜூவானுக்கு 1889-ல் சிலை எழுப்பினார்கள். அவர் பெயரில் சதுக்கமும் இருக்கிறது. நியாயமான மரியாதைதான். கையுறை போடுகிற கைகளை அவர் எண்ணினார். தைத்த கைகளை எண்ண யாரும் மருத்துவமனைக்குப் போகவில்லை.

1860-ல் பிரான்சோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த வரியும் போயிற்று. வூஸ்டர் தொழிலில் பெரும்பகுதி அதோடு சாய்ந்தது. பின்னால் தையல் இயந்திரமும் வந்தது. பிழைத்து நின்ற சில நிறுவனங்களில் 1777-ல் வூஸ்டரில் தொடங்கிய டென்ட்ஸ் ஒன்று. 1937-ல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடியபோது வலது கையில் அணிந்த வெள்ளைக் கையுறை அவர்கள் செய்தது. 2023-ல் மூன்றாம் சார்லஸ் முடிசூடியபோது புதிதாகச் செய்யச் சொல்லவில்லை. பாட்டனாருடைய அதே கையுறையை மாட்டிக்கொண்டு செங்கோல் பிடித்தார். 86 வருஷத்துக்குப் பிறகும் தோல் இருந்தது, தையலும் இருந்தது. யார் பாட்டனார், யார் பேரன் என்று உலகமே பார்த்தது. விரல் இடுக்கில் அந்தத் தையலைப் போட்டது யார் என்று கேட்டவர் உண்டா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கேட்டால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று சிலர் சொல்லலாம். ஒன்றும் ஆகாதுதான். கூலி போனவளுக்குக் கூலி திரும்பி வராது. ஆனால் புங்கமரத்தடிப் பெரியவர் கேட்டார். முன்னே தைத்தவர் எந்த ஊர், எந்த ஜனம் என்று அவருக்குத் தெரியாது. இருந்தாலும் அவர் கணக்கு ஒன்று வைத்திருப்பார் என்று நம்பி, அந்தத் துளைகளைத் தேடி, அவற்றின் வழியாகவே நூலை விட்டார். தொழிலாளிக்குத் தொழிலாளி செய்யும் மரியாதை அது. நூறு புத்தகம் படித்து நான் தெரிந்துகொண்டதை அவர் விரல் நுனியிலேயே வைத்திருந்தார்.

தைத்து முடித்ததும் கையுறையை நேராகத் திருப்பி, ஒவ்வொரு விரலாக நீவிவிட்டுக் கொடுத்தார். எவ்வளவு என்று கேட்டேன். "முப்பது ரூபா குடுங்க" என்றார். ஐம்பதாகக் கொடுத்தேன். மீதி இருபதை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மருமகன் கையுறையை மாட்டிக்கொண்டு விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தான். "எங்கே தைச்சாங்கன்னே தெரியலையே, மாமா!" என்றான்.

தெரியாமல் இருப்பதுதான் நல்ல தையலுக்கு அழகு. தைத்தவருக்கும் அதே கதி வந்துவிடுவதுதான் அநியாயம்.