தேயும் கொழுவும் தேயாத அறிவும்

கண்டி மாநகருக்கு வடக்கே, மகாவலி கங்கையின் கரையில் அமைந்துள்ளது கட்டுகஸ்தோட்டை. அங்கிருந்து ஆற்றோரமாகப் பேராதனை நோக்கிச் செல்பவர் ஹல்லொலுவையைக் கடந்து கன்னொறுவையை அடைவர். 1912ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் அங்கே உள்ளன. சுற்றிலுமுள்ள மலைச்சரிவுகளில் வயல்கள் படிப்படியாக இறங்குகின்றன. இவ்வயல்களை உழுத கருவிகளில் ஒரு சிறு உறுப்பின் வரலாறே இன்றைய பேச்சின் பொருளாகும். மண்ணைக் கிழித்து, அம்மண்ணாலேயே தேய்ந்து போகும் அவ்வுறுப்பைத் தமிழர் கொழு என்று வழங்கினர்.

கண்டி இராச்சியத்தின் உழவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் தெளிவான பழைய சான்றுகளுள் ஒன்று ஓர் ஆங்கிலக் கைதியினுடையது. 1660ஆம் ஆண்டில் கொட்டியாரத்தில் பிடிபட்ட றொபேட் நொக்ஸ், 1679ஆம் ஆண்டில் தப்பிச் செல்லும்வரை மலைநாட்டுக் கிராமங்களில் வாழ்ந்தார். 1681ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியான தமது நூலில் அவர் கண்டி உழவனின் கலப்பையை விவரிக்கிறார். அது மனிதன் கையைவிடச் சற்றே பருத்த ஒரு வளைந்த மரம். அதன் நுனியில், மரம் தேயாதிருக்கும் பொருட்டு, ஓர் இரும்புத் தகடு பொருத்தப்பட்டிருந்தது. வயல்கள் குறுகியவை ஆதலால் திருப்புவதற்கு எளிதாகவும், சேற்றில் புதையாதபடி இலேசாகவும் இருக்கும் இக்கலப்பையே அந்நாட்டுக்கு ஏற்றது என்றும் அவர் கூறுகிறார்.

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது யாது? தேய்வது தகடு, காக்கப்படுவது கலப்பை. விலை குறைந்த உறுப்பை மண்ணுக்குக் கொடுத்து முழுக்கருவியையும் காத்துக்கொள்வது என்னும் தத்துவம் அன்றே அதில் அமைந்திருந்தது.

அத்தகடு தேய்ந்தபோது அதைச் செப்பனிட்டவர் யார்? ஒவ்வொரு கொல்லனுக்கும் இன்னின்ன ஊர்கள் என வரையறுக்கப்பட்டிருந்ததாக நொக்ஸ் எழுதுகிறார். ஊரார் தம் கொல்லனையன்றி வேறொருவரிடம் செல்லுதல் ஆகாது. இரும்பையும் கரியையும் அவர்களே கொண்டுவர வேண்டும்; துருத்தியை அவர்களே ஊத வேண்டும்; பெரிய சம்மட்டியையும் அவர்களே ஓங்க வேண்டும். கொல்லன் தன் ஆசனத்தில் அமர்ந்தபடியே சிறு சுத்தியலால் உருத்திருத்துவான். கூலியாக அறுவடைக் காலத்தில் அவனுக்குத் தானியம் அளக்கப்பட்டது. உழவனைக் கட்டுப்படுத்திய முறை இது என்பதில் ஐயமில்லை. எனினும் இதில் ஒரு நன்மையும் இருந்தது. தன் கொழுவுக்காகத் துருத்தி ஊதிய உழவன், இரும்பு எந்த நிறத்தில் பழுக்கிறது, எப்போது நீரில் தோய்க்கப்படுகிறது என்பவற்றைக் கண்ணாரக் கண்டான்.

1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. கடல் கடந்து வந்த மலிவான இரும்பின்முன் உள்நாட்டு இரும்புருக்குத் தொழில் நலிந்தது. 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி, பலாங்கொடைப் பகுதியில் எஞ்சியிருந்த அத்தொழிலைக் கண்டு, 1908ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் பதிவு செய்தார். உலை அணைந்ததோடு, இரும்பைப் பற்றிய அறிவும் ஊரைவிட்டு அகலத் தொடங்கியது.

இதற்கிடையே அமெரிக்காவில் கொழுவுக்கு ஒரு புதிய குணம் வாய்த்தது. கல்லும் வேரும் மலிந்த நிலத்தில் விறைப்பான கொழு முறிந்து போகும். 1869ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் கார்வர் என்பவர், வில்போல் வளைந்து கொடுக்கும் எஃகுப் பற்களைக் கொண்ட கருவிக்குக் காப்புரிமை பெற்றார். தடை எதிர்ப்பட்டால் பல் பின்வாங்கும். தடை நீங்கியதும் தன் நிலைக்கு மீளும். இக்கருத்தின் வழிவந்ததே, ஒவ்வொரு கொத்தையும் சுருள்வில் தாங்கி நிற்கும் இன்றைய ஒன்பது கொத்துக் கலப்பை. நான்கு சில்லு உழவு இயந்திரத்தின் பின்னே அது வரண்ட வலயத்து மேட்டு நிலங்களை உழுகிறது.

கண்டியின் படிவயல்களுக்கு அப்பெரிய இயந்திரம் ஒவ்வாது. இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன 1950களில் உருவாக்கிய ‘லான்ட்மாஸ்டர்’ என்னும் இரண்டு சில்லு உழவு இயந்திரம் இக்குறையை நீக்க முனைந்தது. இவ்வகை இயந்திரத்தில் கொழுவுக்குப் பதிலாகச் சுழலும் கத்திகள் மண்ணை வெட்டுகின்றன. பிற்காலத்தில் விஜேவர்தனவே, வெப்ப நாடுகளில் மண்ணை மிகுதியாகக் கிளறுவது அதன் வளத்தைக் கெடுக்கும் என்று உணர்ந்து, உழாத வேளாண்மைக்காக வாதாடினார். மண்ணரிப்பைத் தடுக்க 1951ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றிய நாட்டில் அவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. கொழு தேய்வதைக் காண்பவன், கொழுவினால் மண் தேய்வதையும் காண வேண்டுமன்றோ!

ஆகவே கருவியைத் தேர்ந்தெடுக்குமுன் நிலத்தை அறிதல் வேண்டும். கல்லும் வேரும் உள்ள மேட்டு நிலத்துக்குச் சுருள்வில் கொத்து ஏற்றது. தடையற்ற நிலத்தில் விறைப்பான கொத்தே ஆழம் பிசகாமல் உழும். சுருள்வில் தளர்ந்தால் கொத்து சிறு தடைக்கும் பின்வாங்கும், உழவு மேலோட்டமாகும். ஒரு கொத்துக்கு இரு வில்கள் இருப்பின், ஒன்று கெட்டபோதும் இரண்டையும் ஒரே பருமனில் மாற்றுதல் நலம். இரு முனையும் கூரான கொழுவை ஒரு முனை தேய்ந்ததும் திருப்பிப் பூட்டலாம். அதைத் தாமதித்தால் தேய்வு கொத்தின் தண்டை எட்டும். சிறு செலவு பெருஞ்செலவாகும். பட்டறையில் அடித்த கொழுவாயின் அதன் தோய்ச்சலைக் கவனிக்க வேண்டும். தோய்ச்சல் குறைந்தால் விரைவில் மழுங்கும். மிகுந்தால் கல்லில் பட்டு உடையும்.

இவ்வறிவின் அருமையை 2022ஆம் ஆண்டு உணர்த்தியது. அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருளுக்கு நீண்ட வரிசைகள் நின்ற அவ்வாண்டில், கப்பலை நம்பிய உழவு எத்துணை மெலிந்தது என்பதை நாடு கண்டது. நொக்ஸ் கண்ட உழவன் தன் ஊர்க் கொல்லனுக்குக் கட்டுப்பட்டிருந்தான். இன்றைய உழவனோ முகமறியாத தொலைதூரத் தொழிற்சாலைக்குக் கட்டுப்பட்டிருக்கிறான். இக்கட்டைத் தளர்த்த வல்லது, தன் கருவியின் எவ்வுறுப்பு எப்போது தேயும், எதைக் கொண்டு மாற்றலாம் என்று அவனே அறிந்திருத்தலாகும். பள்ளிகளில் விவசாயம் கற்கும் மாணவர், விதையையும் உரத்தையும் அறிவதோடு, ஒரு கொழுவைக் கழற்றி மாற்றவும் கற்பாராயின், ஊர் உலையோடு அகன்ற அறிவில் ஒரு பகுதியேனும் மீண்டும் உழவர் கைக்கு வரும்.