பிளேஸ்டேஷன் 2-உம் பிணையச் சேமிப்பகமும்

சோனியின் பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுக் கருவி 2000 மார்ச்சில் ஜப்பானில் வெளியானது. 2009-இல் இந்தியாவிலேயே உருவான விளையாட்டுகளும் இதற்கு வந்தன. ஐதராபாத்தில் உருவான 'ஹனுமான்: பாய் வாரியர்' அவற்றுள் ஒன்று. 'தேசி அட்டா' என்னும் தொகுப்பின் வழியே கபடியும், சுருளிப்பட்டிச் சிறுவருக்கும் பழக்கமான கிட்டிப்புள்ளும் திரையேறின.

இவை வட்டுகளில் விற்கப்பட்டவை. வட்டில் கீறல் விழும். அதைப் படிக்கும் லேசரும் நாளடைவில் மங்கும். கருவியின் உற்பத்தியோ 2013-க்குள் நின்றுவிட்டது. எனவே ஆர்வலர்கள் தம் வட்டுகளைப் பிரதியெடுத்து, வீட்டுப் பிணையத்தில் இணைந்த வன்தட்டுப் பெட்டியில் சேமித்து, அங்கிருந்தே விளையாடத் தொடங்கினர். 'ஓப்பன் பிஎஸ்2 லோடர்' என்ற கட்டற்ற மென்பொருள் இதற்கு உதவியது. ஒரு டிவிடி 4.7 ஜிபி என்றாலும், 1 டிபி வன்தட்டில் ஏறத்தாழ 200 விளையாட்டுகள் அடங்கும்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. இம்மென்பொருள் நெடுங்காலம் நம்பியிருந்தது, கோப்புகளைப் பகிர உதவும் எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பை. விண்டோஸில் அப்பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாக்ரை தீநிரல் உலகெங்கும் பரவியது. அவ்வாண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு முதல், அதை இயல்பாக நிறுவுவதை மைக்ரோசாப்ட் கைவிட்டது. வீட்டுச் சேமிப்பகத்தில் அதை மீண்டும் இயக்கினால் விளையாட்டு ஓடும். அதே பெட்டியிலுள்ள குடும்பப் படங்களுக்கும் ஆவணங்களுக்கும் பாதுகாப்புக் குறையும். இதற்காக விளையாட்டுகளை மட்டும் தனியே ஒரு ராஸ்பெர்ரி பை கணினியில் வைத்து, சம்பா மென்பொருள் மூலம் அதில் மட்டுமே பழைய பதிப்பை அனுமதிப்போரும் உண்டு.