நாற்பதடித் தெருவும் நாமும்

ஓர் ஊரின் பெருமையைக் கூற வருவோர் அதன் கோயிலைக் கூறுவர். ஆற்றையும் சோலையையும் கூறுவர். அங்குப் பிறந்த பெரியோரைக் கூறுவர். அவ்வூரின் தெருக்களைப் பற்றிக் கூறுவோர் மிகச் சிலரே. ஆயினும் நம் வாழ்வின் பெரும்பகுதி தெருவோடு பிணைந்தது. பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வதும், முதியோர் மாலையில் உலவுவதும், நோயுற்றாரை மருத்துவமனைக்கு விரைந்து எடுத்துச் செல்வதும் தெருவழியேதான். அத்தெரு எத்தனை அடி அகலம், அதன் மழைநீர் எங்கே சென்று சேரும், அதில் எவ்வளவு வெயில் விழும் என்பனவற்றை நாம் பிறப்பதற்கு முன்பே யாரோ தீர்மானித்துள்ளனர். அலிப்பூரிலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களாகிய நாம், நம் வாசலில் உள்ள தெருவின் அளவு எவ்வாறு பிறந்தது என்பதை அறிந்துகொள்வது பொருத்தமே ஆகும்.

நம் முன்னோர் தெருவுக்கு அளவு வகுக்காதவர் அல்லர். மதுரை மாநகரில் கோயில் மதிலுக்குள் ஆடி வீதிகளும், வெளியே சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகளும் ஒன்றையொன்று சூழ்ந்து அமைந்திருப்பதை நாம் அறிவோம். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை அந்நகரின் வீதிகளை அவரவர் வாணிகத்துக்கு ஏற்ப வரிசைப்படுத்திக் காட்டுகிறது. நம் கோயில் நகரங்களில் தேரோடும் வீதிக்கு எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. தேர் செல்லவும், முனையில் வடம் பிடித்துத் திருப்பவும் இடம் வேண்டும். ஆதலால் அவ்வீதியில் திண்ணையை முன்னே நீட்டிக் கட்ட எவரும் எளிதில் துணியார். ஆண்டுக்கு ஒருமுறை வரும் தேர் ஆண்டு முழுவதும் வீதியைக் காத்து நின்றது எனலாம். தெருவில் எது செல்ல வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதற்கேற்ப அளவை வகுப்பதே முறை என்பதை அவ்வீதிகள் நமக்குக் கற்பிக்கின்றன.

கல்கத்தாவுக்கு அத்தகைய தொடக்கம் வாய்க்கவில்லை. ஹூக்ளி ஆற்றங்கரையில் வாணிகத்தால் வளர்ந்த இந்நகரில் வீடுகள் முன்னே எழுந்தன. தெருக்கள் அவற்றின் இடுக்குகளில் பின்னே நுழைந்தன. 1803ஆம் ஆண்டில் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபு, நகரின் சாக்கடைகளும் தெருக்களும் ஒழுங்கின்றிக் கிடப்பதை எடுத்துக்காட்டி ஒரு குறிப்பு வரைந்தார். 1817இல் லாட்டரிக் குழு என்ற ஒன்று அமைந்தது. சீட்டு விற்ற பணத்தில் சாலை போடுவது அதன் வேலை. கார்ன்வாலிஸ் தெரு, காலேஜ் தெரு, வெலிங்டன் தெரு, வெல்லெஸ்லி தெரு என வடக்கும் தெற்குமாக நீண்ட நெடுஞ்சாலையும், இடையிடையே குளத்துடன் கூடிய சதுக்கங்களும் அக்குழு தந்த கொடையே. சூதாட்டத்தின் ஆதாயத்தில் நகரம் அழகு பெற்றது என்பது வியப்புக்குரியது. ஆயினும் அது பெருஞ்சாலைகளைக் கண்டதே அன்றி, மக்கள் குடியிருக்கும் சிறு தெருக்களுக்கு ஒரு பொது அளவை வகுக்கவில்லை.

இந்நகரின் நில அமைப்பையும் ஈண்டு நினைவில் கொள்ளல் வேண்டும். ஆற்றங்கரை சற்று மேடானது. கிழக்கே செல்லச் செல்ல நிலம் தாழ்ந்து சதுப்பு நிலத்தில் முடிகிறது. மழைநீர் அருகிலுள்ள ஆற்றை நோக்கி ஓடாமல், அதற்கு முதுகு காட்டி ஓடும் நகரம் இது. இதனை உணர்ந்தே வில்லியம் கிளார்க் என்ற பொறியாளர் வகுத்த திட்டப்படி 1859இல் நிலத்தடிச் சாக்கடை வேலை தொடங்கிற்று. அலிப்பூருக்கு வடக்கே ஓடும் டாலி கால்வாயோ 1770களில் மேஜர் டாலி பழைய ஆதி கங்கையின் தடத்தில் வெட்டியது. ஆகவே இங்கு ஒரு தெருவின் தரம் என்பது அகலத்தை மட்டும் பொறுத்ததன்று. அதன் மட்டம், அதன் சரிவு, அதன் அடியில் உள்ள குழாய் ஆகிய மூன்றும் சேர்ந்ததே தெரு.

1896இல் மும்பையிலும், 1898இல் கல்கத்தாவிலும் பிளேக் நோய் தோன்றியது. காற்றும் வெயிலும் புகாத நெருக்கமான குடியிருப்புகள் நோயின் உறைவிடம் என்று அக்கால அதிகாரிகள் கருதினர். அந்நோயைப் பரப்புவன எலியும் தெள்ளுப்பூச்சியும் என்பதை இன்று நாம் அறிவோம். எனினும் நெருக்கமும் அழுக்கும் எலிக்கு இடம் கொடுத்தன என்பதில் ஐயமில்லை. மும்பையில் 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஏற்பட்டது. வீட்டின் உயரத்துக்கும் அதனருகே விடவேண்டிய வெற்றிடத்துக்கும் அறுபத்து மூன்றரைப் பாகைக் கோணம் என்ற ஒரு விதி அங்கு வழக்கில் வந்தது. எளிமையாகக் கூறின், வெற்றிடத்தின் அகலத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் சுவர் உயரலாகாது என்பதே அதன் பொருள். கீழ்த்தளத்து அறையிலும் வானத்தின் ஒளி சிறிது விழ வேண்டும் என்னும் கருணை அக்கணக்கினுள் அடங்கியிருக்கிறது.

கல்கத்தாவில் 1911ஆம் ஆண்டு மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறி, 1912இல் கல்கத்தா மேம்பாட்டு டிரஸ்ட் பணி தொடங்கிற்று. அச்சட்டத்தில் உள்ள ஒரு விதிதான் இக்கட்டுரையின் நாயகன். டிரஸ்ட் அமைக்கும் தெரு வண்டிகள் செல்வதற்கானதாயின் நாற்பது அடிக்குக் குறையலாகாது. நடப்போர்க்கு மட்டும் ஆனதாயின் இருபது அடிக்குக் குறையலாகாது. துப்புரவு வேலைக்கான பின்சந்துகள் மட்டும் இருபது அடிக்குக் குறைவாக இருக்கலாம். பழைய தெருவை இவ்வளவுக்கு விரிவாக்குதல் இயலாது என்று டிரஸ்ட் கருதினால் அதற்கு விலக்கும் உண்டு. சட்டப் புத்தகத்தில் சில வரிகளே ஆயினும், ஒரு தலைமுறை மக்களின் வாழ்வை அமைத்த வரிகள் அவை. எதிரெதிராக இரு வண்டிகள் செல்லவும், ஓரத்தில் ஒரு வண்டி நிற்கவும், இருபுறமும் நடைபாதை அமையவும் நாற்பதடி இடந்தரும். குப்பையும் கழிவும் வீட்டின் முன்வாசலை நாடாமல் பின்சந்து வழியே வெளியேறும்.

இவ்விதியின் பயனை நேரில் காண விரும்புவோர் நம் தெற்குக் கல்கத்தாவை நோக்குக. 1920களின் தொடக்கத்தில் டிரஸ்ட் அப்பகுதியில் 192 ஏக்கர் சதுப்பு நிலத்தைக் கைக்கொண்டது. ஏரி வெட்டி, வெட்டிய மண்ணைக் கொண்டு சுற்றியுள்ள தாழ்நிலத்தை உயர்த்தியது. அந்த டாகுரியா ஏரியே 1958இல் ரவீந்திர சரோவர் எனப் பெயர் பெற்றது. நாம் நாள்தோறும் செல்லும் ராஷ்பிஹாரி அவென்யூவின் பழைய பெயர் மெயின் சுவர் ரோடு, அதாவது பெருஞ்சாக்கடைச் சாலை. பெயர் செவிக்கு இனியதன்று. ஆயினும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. முதலில் நிலத்தின் மட்டம், பிறகு சாக்கடை, அதன்மேல் சாலை, அதன்பின் மனைப் பிரிவு, எல்லாவற்றுக்கும் கடைசியில் வீடு என்னும் வரிசையைப் பின்பற்றிய தெருக்கள் அவை. லேக் மார்க்கெட்டைச் சுற்றி நம்மவர் திரளாகக் குடியேறி, காப்பிக்கொட்டையும் வாழை இலையும் மல்லிகைச் சரமும் கிடைக்கும் தமிழ்க் கடைவீதியை உண்டாக்கினர். ஆனால் அக்கடைவீதிக்கு இடமளித்த நடைபாதையை முன்னமே அளந்து வைத்தவர்கள் வேறு சிலர்.

அதே காலத்தில் நம் தாயகத்திலும் இத்தகைய முயற்சி நடந்தது. 1920இல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் பிறந்தது. நெடிய ஏரியின் நிலப்பரப்பில் 1920களில் தியாகராய நகர் உருவாயிற்று. பனகல் பூங்காவை நடுவே கொண்டு அகன்ற தெருக்கள் வகுக்கப்பட்டன. அத்தெருக்களில் உறவினர் இல்லாத குடும்பம் நம் சங்கத்தில் அரிது. ஒன்றை மட்டும் மறத்தலாகாது. சென்னையில் ஏரி தெருவாயிற்று. இங்கோ தெருவுக்காக ஏரி வெட்டப்பட்டது. மழைநீர் தங்குவதற்கு ஓரிடத்தை விட்டுவைத்த ஊர் எது, விடாத ஊர் எது என்பதை ஒவ்வொரு பெருமழையும் நமக்கு நினைவூட்டுகிறது.

இதுவரை கூறியது புகழ்ச்சி. இனி அதன் விலையையும் கூறுதல் நேர்மை. நாற்பதடித் தெரு வானத்திலிருந்து இறங்கவில்லை. அது செல்லும் வழியில் குடிசைகள் இருந்தன, பஸ்திகள் இருந்தன, தலைமுறையாகத் தொழில் செய்தோர் இருந்தனர். டிரஸ்ட் தெருவுக்கு வேண்டியதினும் மிகுதியான நிலத்தை எடுத்து, தெரு அமைந்தபின் விலை உயர்ந்த மனைகளாக விற்றுச் செலவை ஈடுகட்டியது. அம்மனைகளை வாங்கும் ஆற்றல், அங்கிருந்து எழுப்பப்பட்ட ஏழைகளுக்கு இல்லை. அவர்களுக்கென மாற்று வீடுகள் கட்டுதல் சட்டத்தில் இடம்பெற்றிருந்தும், தேவைக்குச் சிறிதளவே நடந்தது. அவர்கள் நகரின் விளிம்புக்குச் சென்று, அளவற்ற வேறு சந்துகளில் குடியேறினர். ஊதியம் நாடி வந்த நம்மவர்க்குக் கிடைத்த காற்றோட்டமான தெருவில், இடம்பெயர்ந்த எளியோரின் பங்கும் கலந்திருக்கிறது என்பதை உணர்தல் வேண்டும்.

இக்குறையை அன்றே கண்டவர் ஸ்காத்லாந்து நாட்டு அறிஞர் பாட்ரிக் கெட்டிஸ். அவர் 1914, 1915ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நெருக்கத்தைக் குறைக்க நேரான புதுத் தெருக்களை வெட்டுவதென ஒரு திட்டம் இருந்தது. அவர் சந்து சந்தாக நடந்து சென்று, வீடு வீடாகப் பார்த்தார். இடிந்து பாழான வீடுகளை மட்டும் நீக்கி, அவ்விடங்களைச் சிறு முற்றங்களாக்கி, மரம் நட்டு, பழைய சந்துகளை அங்கங்கே சற்று விரிவாக்கினால் போதும் என்றார். அதனால் செலவு குறையும். வீடிழப்போர் தொகையும் குறையும். நோயாளியின் உடலைக் காத்துக்கொண்டு செய்யும் அறுவை மருத்துவம் போன்றது அவர் முறை. 1919இல் கல்கத்தாவின் படாபஜார் பகுதிக்கும் அவர் ஓர் அறிக்கை அளித்தார். புதிதாக எழும் குடியிருப்புக்கு நாற்பதடி அளவு வேண்டும். மக்கள் முன்னமே வாழும் பகுதிக்கு நாற்பதடிக் கோலுடன் செல்வது கொடுமை. இவ்விரண்டையும் பிரித்தறிவதே நகரமைப்பின் அறம் என்று நாம் கருதுகிறோம்.

இனி அலிப்பூருக்கு வருவோம். 1888ஆம் ஆண்டுச் சட்டத்தால் நகராட்சியுடன் புறநகர்கள் சேர்ந்தபோது இப்பகுதியும் சேர்ந்தது. அந்நாளில் இது தோட்ட வீடுகளின் ஊர். பெல்வெடியர் மாளிகை, 1876இல் திறந்த விலங்கியல் தோட்டம், தோட்டக்கலைச் சங்கத்தின் பூங்கா ஆகியவை இன்றும் அதற்குச் சான்று. பெல்வெடியரில் 1953 முதல் தேசிய நூலகம் பொதுமக்களுக்குத் திறந்திருந்த காலத்தில் அங்குத் தமிழ் நூல்களைத் தேடிச் சென்றோர் நம்முள் பலர். சில வண்டிகளே செல்லும் அக்காலத் தெருக்களுக்கு மரநிழலும் மதிற்சுவரும் போதுமாயிருந்தன. நாடு விடுதலை பெற்றபின் எழுந்த நியூ அலிப்பூரோ, ஆங்கில எழுத்துகளால் பெயரிட்ட பிளாக்குகளாக முன்னரே வகுக்கப்பட்டது. இன்று தோட்ட வீடு இருந்த மனையில் அடுக்குமாடிக் கட்டடம் எழுகிறது. ஒரு குடும்பம் வாழ்ந்த வாயிலில் பல குடும்பங்கள் வாழ்கின்றன. தெருவோ அதே அகலந்தான்.

இக்காலத்து விதிகளும் இதனை அறியாதவை அல்ல. 1970இல் முதன்முதல் வெளிவந்த தேசியக் கட்டடக் கோவை, வீட்டு மனைக்குச் செல்லும் வழி 75 மீட்டர் நீளம் வரை 6 மீட்டர் அகலமும், 150 மீட்டர் வரை 7.5 மீட்டரும், 250 மீட்டர் வரை 9 மீட்டரும் வேண்டும் என்கிறது. தெரு நீள நீள அதில் குடியிருப்போர் பெருகுவர். ஆதலின் அகலமும் பெருக வேண்டும் என்பது காரணம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் நடைபாதைக்குத் தடையற்ற 1.8 மீட்டர் இடம் கேட்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிராகச் செல்ல அவ்விடம் வேண்டும். கொல்கத்தா மாநகராட்சியின் விதிகளும் கட்டடத்தின் உயரத்தைத் தெருவின் அகலத்தோடு இணைத்துள்ளன. அன்று தேர் கேட்ட இடத்தை இன்று தீயணைப்பு வண்டி கேட்கிறது. தேர் தாமதித்தால் விழா தாமதிக்கும். தீயணைப்பு வண்டி தாமதித்தால் உயிர் போகும்.

தெருக்களை அமைத்த டிரஸ்ட் இன்று இல்லை. 2017இல் அது கொல்கத்தா பெருநகர வளர்ச்சி அதிகார அமைப்புடன் இணைந்தது. ஆனால் அது விட்டுச் சென்ற தெருக்கள் நம் கையில் உள்ளன. வாயிற்படியைச் சற்றே நீட்டுவது, நடைபாதைமீது காரை ஏற்றி நிறுத்துவது, பின்சந்தை அடைத்துச் சாமான் அறை ஆக்குவது, மழைநீர் இறங்கும் இரும்புச் சல்லடையில் குப்பையைத் தள்ளுவது ஆகியன சிறு செயல்களாகத் தோன்றும். நாற்பதடி இவ்வாறு அரையடி அரையடியாகவே குறைகிறது. நம் காலனியில் புதுக் கட்டடம் எழும்போது, மாடி எத்தனை என்று கேட்பதற்கு முன் தெரு எத்தனை அடி, நீர் எவ்வழி என்று கேட்கும் பழக்கம் நம்மிடையே வளர வேண்டும். அவ்வாறே தெருவோரத்தில் கடை விரித்துப் பிழைப்போரை அப்புறப்படுத்தும் பேச்சு எழுந்தால், அவர்க்கு மாற்றிடம் எங்கே என்று கேட்கவும் நாம் கடமைப்பட்டவர்கள்.

நமக்கு முன் வாழ்ந்தோர், தாம் அறியாத நம் பொருட்டு நாற்பதடி நிலத்தை வெறுமையாக விட்டுச் சென்றனர். நமக்குப் பின் வருவோர்க்கு அதனை நாற்பதடியாகவே ஒப்படைப்போமாக!