விபசாரத் தடுப்புச் சட்டங்களில் எழுவாயும் செயப்படுபொருளும்

முன்னுரை

குற்றவியல் சட்டத்தின் ஒவ்வொரு பிரிவும் ஒரு தொடராக அமைகிறது. அத்தொடரின் எழுவாயாக நிற்பவர் தண்டனைக்கு உரியவர்; செயப்படுபொருளாக நிற்பவர் பாதுகாப்புக்கு உரியவர். இந்தியாவில் விபசாரம் பற்றிய சட்டங்கள் பலமுறை திருத்தப்பட்டுள்ளன. சுரண்டப்படும் பெண்ணைக் காப்பதே அவற்றுட் பலவற்றின் நோக்கமாக அறிவிக்கப்பட்டது. அந்நோக்கம் தொடரமைப்பில் எந்த அளவுக்கு இடம்பெற்றது என்பதை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது.

1. சொல்லும் பொருளும்

தமிழில் இப்பொருள் குறித்த சொற்கள் பல. பரத்தை என்பது தொல்காப்பியக் காலம் தொட்டு வழங்கும் சொல். கணிகை என்பது காப்பியங்களில் ஆடல் பாடல் கலைகளோடு இணைந்தது. கோயிற் பணியாளரைக் குறித்த தேவரடியார் என்னும் சொல் கல்வெட்டுகளில் மதிப்புடன் வழங்கிப் பிற்காலத்தில் வசைச்சொல்லாகத் திரிந்தது. இழிபொருட்பேற்றுக்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

வழக்கில் நிலைபெற்ற விபசாரம் என்னும் வடசொல், நெறி பிறழ்தல் என்னும் பொருளை அடியாகக் கொண்டது. தருக்க நூல்களில் அது விதியினின்று வழுவுதலையும், பொது வழக்கில் மணவாழ்வுக்குப் புறம்பான உறவையும் குறிக்கும். விலை, வணிகம், கட்டாயம் ஆகிய கூறுகள் அச்சொல்லின் அடிப்பொருளில் இல்லை. பிறழ்ந்தவர் யார் என்னும் வினாவை மட்டுமே அது எழுப்புகிறது. சட்டத்தின் போக்கும் நெடுங்காலம் இவ்வாறே இருந்தது.

2. ஆங்கிலேயர் ஆட்சிக் காலம்

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், வயது நிரம்பாதோரை விபசாரத்திற்காக விற்பதையும் வாங்குவதையும் 372, 373 ஆகிய பிரிவுகளில் குற்றமாக்கியது. இத்தொடர்களின் எழுவாய் விற்பவரும் வாங்குபவருமே. 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தில் இந்நிலை மாறியது. படைவீரரின் உடல்நலத்தைக் காக்கும் பொருட்டுப் பெண்களைப் பதிவுக்கும் கட்டாய மருத்துவப் பரிசோதனைக்கும் அச்சட்டம் உட்படுத்தியது. நோய்க்கு மூலமாகப் பெண்ணே கருதப்பட்டாள். இங்கிலாந்திலும் இந்தியாவிலும் எழுந்த எதிர்ப்பின் விளைவாக 1888இல் அது நீக்கப்பட்டது.

அடுத்த கட்டம் மாகாணச் சட்டங்களின் காலம். பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1923இலும், சென்னை மாகாணத்தில் 1930இலும், ஐக்கிய மாகாணத்தில் 1933இலும், பஞ்சாபில் 1935இலும் இத்தகைய சட்டங்கள் இயற்றப்பட்டன. பலவற்றின் தலைப்பில் 'ஒழுக்கக்கேடான வணிகம்' என்னும் தொடர் இடம்பெற்றது. இதில் வணிகம் என்னும் பெயர் தரகரையும் விடுதி நடத்துவோரையும் சுட்டுகிறது. ஒழுக்கக்கேடு என்னும் அடையோ பெண்ணின் மீதும் படிகிறது. பெயரும் அடையும் இருவேறு திசையில் இழுக்கும் இம்முரண் பிற்காலச் சட்டங்களிலும் தொடர்ந்தது.

3. 1956ஆம் ஆண்டின் சட்டம்

அரசியலமைப்பின் 23ஆம் உறுப்பு மனிதரை வணிகப் பொருளாக்குவதைத் தடை செய்தது. ஐக்கிய நாடுகள் அவையின் சார்பில் உருவான உடன்படிக்கையில் இந்தியா 1950இல் கையொப்பமிட்டது. இவற்றின் வழியில் 1956இல் நடுவணரசு இயற்றிய சட்டம், மாகாணங்களில் வழங்கிய சட்டங்களுக்கு மாற்றாக 1958 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டம் விபசாரத்தைத் தனியொரு குற்றமாக்கவில்லை. விடுதி நடத்துதல், பிறர் வருவாயில் வாழ்தல், ஆள் சேர்த்தல் ஆகியனவே முதன்மைக் குற்றங்கள். ஆயினும் வரையறைப் பிரிவு, விலை பெற்றுத் தன் உடலை அளிக்கும் பெண்ணின் செயலே விபசாரம் என்றது. பொதுவிடத்தை அடுத்துத் தொழில் நடத்துவதை 7ஆம் பிரிவும், பொதுவிடத்தில் பிறரை அழைப்பதை 8ஆம் பிரிவும் தண்டித்தன. 7ஆம் பிரிவில் வாடிக்கையாளர் 'எவருடன்' என்னும் உடனிகழ்ச்சிப் பொருளில் வருகிறார், பெண்ணோ எழுவாய். 20ஆம் பிரிவு அவளை ஓரிடத்தினின்று வெளியேற்றும் அதிகாரத்தை நடுவருக்கு வழங்கியது.

சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலேயே உசுனா பாய் என்னும் பெண் அலகாபாத் உயர் நீதிமன்றத்தை அணுகினார். தொழில் செய்யும் தம் அடிப்படை உரிமை பறிக்கப்படுவதாக அவர் வாதிட்டார். குற்றத்தின் எழுவாயாக மட்டும் சட்டம் கண்ட ஒருவர் உரிமையின் எழுவாயாகத் தம்மை முன்னிறுத்தியமை குறிப்பிடத்தக்கது. எனினும் 20ஆம் பிரிவு செல்லும் என உச்ச நீதிமன்றம் 1963இல் தீர்ப்பளித்தது.

4. 1986ஆம் ஆண்டின் திருத்தம்

1986இல் சட்டத்தின் தலைப்பே மாறியது. 'ஒடுக்குதல்' என்பது 'தடுத்தல்' ஆயிற்று. 'பெண்கள், சிறுமியர்' என்னும் சொற்கள் தலைப்பினின்று நீங்கின. வரையறை முற்றிலும் புதியதாயிற்று: வணிக நோக்கில் மனிதரைப் பாலியல் முறையில் சுரண்டுதல் அல்லது தீங்குக்கு உட்படுத்துதலே விபசாரம் எனப்பட்டது. 1956இல் எழுவாயாக நின்றவர் இங்குச் செயப்படுபொருள் ஆனார்.

தண்டனைப் பிரிவுகள் இம்மாற்றத்தைப் பின்தொடரவில்லை. 8ஆம் பிரிவு நீடித்தது. சாளரத்தருகே அமர்ந்து உடலைக் காட்டுதல் பற்றிய அதன் தொடரில் 'அவளது' என்னும் பெண்பாற் சுட்டும் நீடித்தது. முதற் குற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை என்பது பொது விதி. ஆண் அக்குற்றம் புரிந்தால் ஏழு நாளுக்குக் குறையாமல் மூன்று மாதம் வரை சிறை எனத் திருத்தம் தனி விதி வகுத்தது. 7, 8ஆம் பிரிவுகளின்கீழ்க் குற்றவாளியாகும் பெண்ணை இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை திருத்த நிலையத்தில் வைக்க 10அ பிரிவு இடமளிக்கிறது. வரையறையின்படி சுரண்டப்பட்டவர், தண்டனைப் பிரிவின்படி குற்றவாளி ஆகிறார்.

5. பின்னைய முயற்சிகள்

இம்முரணைக் களைய 2006இல் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. 8, 20ஆம் பிரிவுகளை நீக்கவும், விடுதிக்குச் செல்லும் வாடிக்கையாளரைத் தண்டிக்கவும் அது முனைந்தது. நிறைவேறாமலே 2009இல் மக்களவையுடன் காலாவதியாயிற்று.

உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று, அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு வழங்கும் கண்ணியமான வாழ்வு பாலியல் தொழிலாளர்க்கும் உரியது என்றது. காவலர் அவர்களைச் சொல்லாலும் செயலாலும் துன்புறுத்தலாகாது எனவும் பணித்தது. 2023 ஆகஸ்டில் அந்நீதிமன்றம் வெளியிட்ட கையேடு, பழைய சொற்களுக்கு மாற்றாகப் பாலியல் தொழிலாளர் என்பதைப் பரிந்துரைத்தது. கடத்தலுக்கு எதிராகப் பணியாற்றும் அமைப்புகள், கட்டாயத்திற்கு உள்ளானோரைத் தொழிலாளர் எனல் பொருந்தாது என்றன. அதன்பின் கட்டாயத்தையும் கடத்தலையும் வேறுபடுத்திக் காட்டும் தொடர்கள் ஏற்கப்பட்டன. ஒரு சொல்லில் இருவேறு நிலையினரை அடக்க இயலாது என்பதை இவ்விவாதம் புலப்படுத்துகிறது.

முடிவுரை

1868 முதல் இன்றுவரை பெயர்கள் மாறின; தலைப்புகள் மாறின; வரையறையும் மாறியது. 8ஆம் பிரிவின் எழுவாய் மட்டும் மாறவில்லை. காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் ஒரு பெண் நேர்கொள்வது வரையறைப் பிரிவை அன்று, தண்டனைப் பிரிவையே. ஆதலின் சீர்திருத்தம் பெயர்ச்சொல்லோடு நின்றுவிடாமல் தொடரின் எழுவாயையும் எட்டுதல் வேண்டும். அதுவரை, மதிப்பான சொல்லால் அழைக்கப்படுபவர் பழைய தண்டனைக்கே உரியவராய் இருப்பார்.