இஞ்சிவேர் போன வழி

ஹங்கேரியர் இஞ்சியை 'ஜ்யொம்பேர்' என்கிறார்கள். பின்லாந்தினர் 'இன்கிவாரி' என்கிறார்கள். அரபியில் அது 'ஸஞ்சபீல்'. தமிழோடு எந்த உறவும் இல்லாத மொழிகள் இவை. ஆனாலும் இம்மூன்று சொற்களின் பின்பாதியிலும் நம் 'வேர்' ஒளிந்திருக்கிறது.

தமிழிலும் மலையாளத்திலும் இஞ்சி இஞ்சிதான். அதோடு வேர் சேர்ந்த வடிவமே பாலியில் 'சிங்கிவேர' ஆயிற்று. வடமொழியில் அது 'ச்ருங்கவேர' என்று திருந்தியது. ச்ருங்கம் என்றால் கொம்பு; வேர என்றால் உடல். கிளைவிட்ட இஞ்சித் துண்டு மான்கொம்பைப் போலிருப்பதால் 'கொம்புடல் கொண்டது' என்ற விளக்கம் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. பழைய ஐரோப்பிய அகராதிகளும் அதையே அச்சிட்டன. அழகான விளக்கம்தான், ஆனால் வந்த சொல்லுக்குப் பின்னால் தைத்த சட்டை அது.

பாலியில் உள்ள முதல் சகரம் எங்கிருந்து வந்தது என்று வாசகர் கேட்கலாம். சிறகு, இறகு என்ற இணையை நினைத்துப் பாருங்கள். சொல்முதல் சகரம் உதிர்வது தென்திராவிட மொழிகளின் பழைய வழக்கம். நம் வாயில் உதிர்வதற்கு முன்பே வடக்கே போன சொல் அந்தச் சகரத்தைக் காத்து வைத்திருக்கிறது என்பது அறிஞர் கருத்து. எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது.

அங்கிருந்து பண்டத்தோடு பெயரும் கப்பலேறியது. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடிஸ் அதை 'ஸிங்கிபெரிஸ்' என்று எழுதினார். சொர்க்கத்தின் பானத்தில் கலந்திருப்பதாகத் திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயம் சொல்வது இந்த ஸஞ்சபீலைத்தான். கிரேக்க வடிவம் லத்தீன் வழியே பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் போனது. தாவரவியலார் இன்றும் 'ஸிஞ்சிபெர்' என்றே அதன் பேரினத்தைக் குறிக்கிறார்கள்.

ஓரிடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஜெர்மன் மொழியில் 'இங்வெர்' என்பதைக் கேட்டவுடன், இஞ்சிவேர் அப்படியே அங்கே போய்விட்டது என்று மேடைகளில் சொல்கிறார்கள். அது பிரெஞ்சு வழியாக வந்து, வந்தபின் முதல் மெய்யை உதிர்த்த சொல். வடிவ ஒப்புமையை மட்டும் நம்பினால் வழித்தடம் தவறிவிடும்.

மதுரைக்காஞ்சி இஞ்சியையும் மஞ்சளையும் சேர்த்தே பேசுகிறது. நம் அகராதிகளோ 'இஞ்சி' என்ற பதிவில் செடியையும் மதிலையும் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. புதிய பதிப்புகளைத் தொகுப்போர், 'சிங்கிவேர' முதல் 'ஜ்யொம்பேர்' வரையிலான இந்த வழியையும் அப்பதிவின் கீழ் சேர்த்துத் தர வேண்டுகிறேன்.